துப்பாக்கியின் மரக்கட்டைக்கு எண்ணெய் மெருகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வால்நட் மரக்கட்டை பொருத்திய பழைய வேட்டைத் துப்பாக்கியோ ரைஃபிளோ உரிமத்துடன் வைத்திருந்து, மங்கிப்போன அதன் மரப்பகுதியைத் தம் கையாலேயே மீண்டும் வழவழப்பாக்க விரும்புவோருக்காகக் கீழ்வரும் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. கட்டை என்று இங்கே சொல்வது, தோளில் பொருந்தும் பின்கட்டையையும் குழலுக்கு அடியில் இடது கை தாங்கும் முன்கட்டையையும் சேர்த்தே.

எண்ணெய் மெருகு என்பது வார்னிஷிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

வார்னிஷும் பாலியூரித்தேனும் மரத்தின் மேல் ஒரு தனித் தோலாகப் படிகின்றன. எண்ணெய் மெருகில், எண்ணெய் மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கி அங்கேயே கெட்டியாகிறது. மேலே எஞ்சியது துடைத்து எடுக்கப்பட்டுவிடுகிறது. ஆகவே கையில் படுவது மரமே. கண்ணாடிபோல் பளபளக்காமல், முட்டை ஓட்டின் மேல் இருப்பதைப் போன்ற அடங்கிய மினுமினுப்பே அதற்கு அழகு. 1814இல் தொடங்கிய பர்டி, 1835இல் தொடங்கிய ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் ஆகிய லண்டன் துப்பாக்கிப் பட்டறைகளின் வேட்டைத் துப்பாக்கிகள் பெயர்பெற்றதற்கு இந்த மெருகும் ஒரு காரணம். பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்ட் ரைஃபிளும் ஆளி விதை எண்ணெயில் ஊறிய கட்டையுடன்தான் போருக்குப் போயிற்று. வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்டு நம் ஊர்க் காவல் நிலையங்களில் நெடுங்காலம் நின்ற .303 ரைஃபிள் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

வார்னிஷ் பூசிய கட்டையில் ஆழமான கீறல் விழுந்தால், பெரும்பாலும் பூச்சு முழுவதையும் சுரண்டிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். எண்ணெய்க் கட்டையில் கீறல் விழுந்த இடத்தை மட்டும் தேய்த்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். குறையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: காற்றிலுள்ள ஈரம் மரத்துக்குள் புகுவதைத் தடுப்பதில் ஆளி விதை எண்ணெய் மிகவும் பலவீனமானது. அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள அரசு வனப்பொருள் ஆய்வுக்கூடம் பல்வேறு பூச்சுகளைச் சோதித்துப் பார்த்தபோது, நீண்ட நாள் ஈரக்காற்றில் வைத்த மரத்துக்கு இந்த எண்ணெய் தந்த பாதுகாப்பு ஏறத்தாழ ஒன்றுமே இல்லை என்ற நிலைதான் வெளிப்பட்டது. நீர் பட்டால் துடைக்கவும் ஆண்டுதோறும் கவனிக்கவும் மனம் இல்லாதவருக்கு வார்னிஷே பொருத்தம்.

தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவினால் ஆகாதா?

ஆகாது. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவே என்பதால் காரணத்தையும் விளக்கிவிடுவது நல்லது. துணி காய்வது போல எண்ணெய் காய்வதில்லை. துணியிலிருந்து நீர் ஆவியாகிப் போகிறது, எண்ணெயிலிருந்தோ ஏறத்தாழ எதுவும் வெளியே போவதில்லை. மாறாக, சில எண்ணெய்கள் காற்றிலிருந்து ஆக்சிஜனை உள்வாங்கி, அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ரப்பர் போன்ற திடப்பொருளாக மாறுகின்றன. ஓர் எண்ணெய்க்கு அந்தத் திறன் எவ்வளவு என்பதை அயோடின் எண் என்ற அளவு காட்டும். 130ஐத் தாண்டிய எண்ணெய்களே நன்றாகக் காயும் என்பது பொதுவான கணக்கு. ஆளி விதை எண்ணெய்க்கு அது 170க்கு மேல். நல்லெண்ணெய்க்கு ஏறத்தாழ 110, விளக்கெண்ணெய்க்கு 85, தேங்காய் எண்ணெய்க்கோ பத்தை ஒட்டியே நிற்கும். தேங்காய் எண்ணெய் தடவிய கட்டை அன்றைக்கு அழகாகத் தெரியும். பத்து ஆண்டு கழித்தும் அது எண்ணெயாகவே இருக்கும், தூசியை இழுத்துக்கொள்ளும், சிக்கு வாடை அடிக்கும், அதன் மேல் பின்னால் எந்த நல்ல பூச்சும் ஒட்டாது. துப்பாக்கியின் இரும்புப் பகுதிக்குப் போடும் கனிம எண்ணெயும் மரத்துக்கு இதே கெடுதலைச் செய்யும்.

பெயிண்ட் கடையில் ‘டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்’ என்று கொடுக்கிறார்கள். அதுவும் பச்சை எண்ணெயும் ஒன்றா?

விதை ஒன்று, எண்ணெய் வேறு. பச்சை ஆளி விதை எண்ணெய் ஒரு பூச்சு காய்வதற்கே பல நாட்கள், சில வேளை வாரங்கள்கூட எடுத்துக்கொள்ளும். காய்ச்சிய எண்ணெய் என்ற பெயரில் விற்கப்படுவதில் இன்று பெரும்பாலும் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகள் உலர்த்திகளாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அதனால் மெல்லிய பூச்சு ஒரு நாளில் காய்ந்துவிடும். அந்த உலர்த்திகள் இருப்பதால், கையுறை அணிந்து பூசுவதும், பூசி முடித்ததும் கைகளைச் சோப்பு போட்டுக் கழுவுவதும் அவசியம். உடல்நலத்துக்காக உண்ணும் ஆளி விதை எண்ணெயை வாங்கிப் பூசுவோரும் உண்டு. அது பச்சை எண்ணெய்தான், காய்வதும் மெதுவாகத்தான்.

பழைய முறைப்படியே செய்வேன் என்று விரதம் இருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு என் பரிந்துரை காய்ச்சிய எண்ணெயே. துங் எண்ணெய் கிடைத்தால் அது இன்னும் மேல். சீனத் துங் மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கப்படும் அந்த எண்ணெய் ஆளி எண்ணெயைவிட நீரை நன்றாகத் தாங்கும், காலப்போக்கில் மஞ்சளாவதும் குறைவு. ‘துங் ஆயில் ஃபினிஷ்’ என்று மட்டும் எழுதப்பட்ட டப்பாக்கள் பலவற்றில் இருப்பது நீர்த்த வார்னிஷ் என்பதால், தூய துங் எண்ணெய் என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ட்ரூ-ஆயில் பற்றி என்ன கருத்து?

பர்ச்வுட் கேசி நிறுவனத்தின் ட்ரூ-ஆயில் அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்களிடையே மிகப் பரவலான பொருள். ஆளி எண்ணெயை அடிப்படையாகக் கொண்டு மாற்றியமைக்கப்பட்டது என்பதால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆனால் பூச்சுமேல் பூச்சாகப் போட்டுக்கொண்டே போனால் மரத்துக்கு மேல் படலம் கட்டி, கிட்டத்தட்ட வார்னிஷ் போல மின்னத் தொடங்கும். அவ்வாறு வேண்டாம் என்றால், இதையும் கீழே விளக்கும் முறையிலேயே தேய்த்துத் துடைத்துவிட வேண்டும்.

கட்டையைத் தெரிந்த தச்சரிடம் கொடுத்துச் செய்துகொள்ளலாமா?

இந்தியாவில் இதில் எச்சரிக்கை தேவை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் கேட்கிறது. ஆயுதம் என்ற சொல்லுக்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் அதன் பாகங்களும் அடங்கும். தச்சர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், துப்பாக்கியையோ அதன் கட்டையையோ அவருடைய பட்டறையில் விட்டுவருவது வேண்டாத வம்பு. உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், அல்லது உங்கள் வீட்டில், உங்கள் கையால் செய்யுங்கள். தச்சரிடம் தேய்க்கும் முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு உரிமம் எதுவும் தேவையில்லை.

வேலையை எங்கிருந்து தொடங்குவது?

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்வதிலிருந்து. கண்ணால் பார்த்து, விரலால் தடவிப் பார்த்து, பிறகு தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். அடுத்தது கட்டையைக் கழற்றுவது. துப்பாக்கித் திருகாணிகளின் பிளவு மிகவும் குறுகலானது. வீட்டிலுள்ள சாதாரணத் திருப்புளியின் நுனி ஆப்பு வடிவில் இருப்பதால் வழுக்கி, திருகாணியின் தலையைச் சிதைத்துவிடும். பிளவில் முழுவதுமாக உட்காரும்படி இணையான பக்கங்கள் கொண்ட நுனியாகத் தீட்டிய திருப்புளியே வேண்டும். இரட்டைக் குழல் துப்பாக்கியின் விசைப் பகுதியைப் பிரித்துப் பழக்கம் இல்லாதவர், அந்த ஒரு வேலையை மட்டும் உரிமம் பெற்றவரிடம் செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

என்னுடையது பழைய ராணுவ ரைஃபிள். அதையும் தேய்த்துப் புதுசாக்கிவிடலாமா?

வேண்டாம். லீ-என்ஃபீல்ட், எம்1 கராண்ட் போன்றவற்றின் கட்டைகளில் ஆய்வாளர்களின் முத்திரைகளும் தொழிற்சாலைக் குறிகளும் அழுத்தப்பட்டிருக்கும். உப்புத்தாள் முதலில் தின்பது அவற்றைத்தான். அவை போனால் அந்த ரைஃபிளின் வரலாறும் விலையும் சேர்ந்தே போய்விடும். டர்பன்டைன் நனைத்த துணியால் அழுக்கை மட்டும் எடுத்துவிட்டு, மெல்லியதாக ஆளி எண்ணெய் தடவித் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய வார்னிஷை எப்படி அகற்றுவது?

பெயிண்ட் ரிமூவரைத் தடவி, பூச்சு குமிழ்த்ததும் மரத்துண்டாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ வழித்தெடுங்கள். காற்றோட்டமான இடமும் தடித்த கையுறையும் வேண்டும். உப்புத்தாளால் தேய்த்தே எடுத்துவிடலாம் என்று இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். இரும்பு மரத்தோடு சேரும் விளிம்புகளில் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி முதலில் செய்த கைவினைஞர் இழைத்திருப்பார். அங்கே அரை மில்லிமீட்டர் மரம் தேய்ந்தாலும், மீண்டும் பொருத்தும்போது இரும்பு மேடாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தப் பிழைக்குத் திருத்தமே கிடையாது. ஆகவே விளிம்பை நெருங்கும்போது தாளைக் கீழே வைத்துவிடுவதே நல்லது.

குழிகளும், பிடியருகே எண்ணெய் ஊறிய கருமையும் இருக்கின்றன. என்ன செய்வது?

இரண்டும் வெவ்வேறு நோய்கள். இடிபட்டு உள்ளே அமுங்கிய குழி என்றால், அதன் மேல் ஈரத் துணியைப் போட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனியால் சில நொடிகள் அழுத்துங்கள். ஆவி ஏறி, நசுங்கிய நார்கள் மீண்டும் உப்பி எழும். மூன்று நான்கு முறை செய்தால் பல குழிகள் காணாமலே போய்விடும். நார் அறுந்து வெட்டாக விழுந்த இடம் ஆவியால் எழாது.

விசைப் பகுதியை ஒட்டிய மரத்தில் தெரியும் கருமை, இரும்புக்குப் போட்ட எண்ணெய் ஆண்டுக்கணக்கில் வடிந்து ஊறியதால் வந்தது. அங்கே மரம் மெத்தென்று பலமிழந்தும் இருக்கக்கூடும். நயமான சுண்ணாம்புக்கல் மாவை அசிட்டோனில் குழைத்துத் தடித்த பூச்சாகப் போட்டு உலரவிட்டால், திரவம் ஆவியாகும்போது ஊறிய எண்ணெயை மேலே இழுத்து மாவு மஞ்சளாகும். தட்டிவிட்டு மீண்டும் போடுங்கள். மாவு மஞ்சளாகாமல் வெள்ளையாகவே நின்றால்தான் அந்த வேலை முடிந்தது என்று பொருள். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும் பொருள். இந்த வேலையைத் திறந்தவெளியில், அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில்தான் செய்ய வேண்டும்.

வழவழப்பு எந்தக் கட்டத்தில் வருகிறது?

எண்ணெய் தொடுவதற்கு முன்பே. இதைப் பலரும் நம்புவதில்லை. எட்டுப் பூச்சு போட்டால் எட்டு மடங்கு வழவழப்பாகும் என்று எண்ணுகிறார்கள். எண்ணெய் மரத்திலுள்ள கோடுகளை மறைப்பதில்லை, அவற்றை நன்றாக எடுத்துக்காட்டுகிறது. குறுக்காகத் தேய்த்த ஒரு கோடு உலர்ந்த மரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். எண்ணெய் பட்டதும் கத்திக்கீறல் போல முன்னால் வந்து நிற்கும்.

ஆகவே 180, 220, 320, 400 என்ற எண்ணுள்ள உப்புத்தாள்களால் (எண் கூடக் கூடத் தாள் நயமாகும்) ஏறுவரிசையில், எப்போதும் மர ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். தட்டையான இடங்களில் தாளை வெறும் விரலால் பிடிக்காமல் சிறு மரக்கட்டையில் சுற்றிப் பிடியுங்கள். விரல் மென்மையான இழையைப் பள்ளமாகவும் கடினமான இழையை மேடாகவும் விட்டுவிடும். கூர்மையான விளிம்புகள் கூர்மையாகவே இருக்கட்டும். அவற்றை உருட்டிவிட்ட கட்டை சோப்புக்கட்டி போலத் தோன்றும். ஒவ்வொரு தாள் மாறும்போதும் தூசியைத் துடைத்துவிட்டு, ஜன்னலோர வெளிச்சத்தில் கட்டையைச் சாய்த்துப் பார்த்து, முந்தைய தாளின் கோடு எதுவும் மிச்சமில்லை என்று உறுதிசெய்த பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும்.

அதன் பிறகு, ஆங்கிலேயக் கைவினைஞர்கள் மீசை எடுத்தல் என்ற பொருளில் பெயரிட்ட ஒரு படி இருக்கிறது. ஈரத் துணியால் கட்டையைத் துடைத்து, ஹேர் டிரையரால் வேகமாக உலர்த்தினால், அமுங்கிக் கிடந்த நுண்ணிய நார்கள் முகத்தில் ஒரு நாள் தாடி போல எழுந்து நிற்கும். புதிய 400ஆம் எண் தாளால், அழுத்தாமல், அவற்றை வெட்டிவிடுங்கள். மீண்டும் நனையுங்கள், மீண்டும் வெட்டுங்கள். மூன்று அல்லது நான்காம் முறையில் எதுவும் எழாது. இதைச் செய்யாமல் விட்டால், முதல் மழைத்துளி பட்ட அன்று உங்கள் வழவழப்பான கட்டை சொரசொரப்பாகிவிடும்.

பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் காணும் அந்தச் செம்மண் சாயல் எங்கிருந்து வருகிறது?

அல்கானெட் என்னும் மத்தியதரைக்கடல் பகுதிச் செடியின் வேரிலிருந்து. அதன் சிவப்புச் சாயம் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தலைக்கு எண்ணெய் காய்ச்சும் வீடுகளில் வேம்பாளம் பட்டையைப் போட்டதும் எண்ணெய் சிவப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வேரை நறுக்கி ஆளி எண்ணெயில் சில நாட்கள் ஊறவைத்து வடிகட்டி, முதல் ஓரிரு பூச்சுகளுக்கு மட்டும் பயன்படுத்துவார்கள். நல்ல நிறமுள்ள வால்நட்டுக்கு இது தேவையே இல்லை. வெளிறிய மரத்துக்கு உதவும்.

வால்நட்டின் துளைகளை எப்படி அடைப்பது? பட்டி வைக்கலாமா?

வால்நட்டின் ரேகையில் ஊசி குத்தியது போன்ற நீண்ட துளைகள் திறந்தே இருக்கும். அவை அடைபடாதவரை எத்தனை பூச்சு போட்டாலும் மேற்பரப்பு குண்டும் குழியுமாகவே ஒளியைச் சிதறவிடும். பட்டி வைத்தால் வேகமாக முடியும் என்பது உண்மைதான்; ஆனால் பட்டியின் நிறமும் மரத்தின் நிறமும் ஆண்டுகள் செல்லச்செல்ல வெவ்வேறாக மாறி, கட்டை முழுவதும் வெளிறிய புள்ளிகளாகத் தெரியத் தொடங்கும்.

மரத்தை மரத்தாலேயே அடைப்பதுதான் சரியான வழி. முதலில், ஆளி எண்ணெயையும் டர்பன்டைனையும் சம அளவில் கலந்து தாராளமாகத் தடவி, அரை மணி நேரம் ஊறவிட்டுத் துடைத்து, இரண்டு நாள் காயவிடுங்கள். பிறகு கலக்காத எண்ணெயைச் சிறிது ஊற்றி, 400ஆம் எண் வாட்டர் பேப்பரால் ஓர் உள்ளங்கை அகலப் பகுதியை ஈரமாகவே தேயுங்கள். தேய்ந்த மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து சந்தனக்கல்லில் இழைத்த குழம்பு போலாகும். அதைத் துடைத்தெறிந்துவிடாமல், உள்ளங்கையால் ரேகைக்குக் குறுக்காக அழுத்தி வழித்துத் துளைகளுக்குள் தள்ளி, அப்படியே காயவிட வேண்டும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அது நன்றாக இறுகியதும், மரத்தின் மேல் நிற்கும் மேலோட்டை மட்டும் அதே தாளால், மிகக் குறைந்த எண்ணெயுடன், ரேகையோடு தேய்த்து எடுத்துவிடுங்கள். துளைகளுக்குள் இருப்பது உள்ளேயே நிற்கும். மரத்தின் தன்மையைப் பொறுத்து மூன்றிலிருந்து ஆறு சுற்று வரை இது தேவைப்படும். சலிப்பூட்டும் கட்டம் இதுதான், விட்டுவிடலாமா என்று தோன்றும் கட்டமும் இதுதான். சாய்வான ஒளியில் பார்க்கும்போது துளைகளின் நிழல் தெரியவில்லை என்றால் மட்டுமே அடுத்ததற்குப் போங்கள்.

பூச்சுகளை எப்படி, எத்தனை முறை போடுவது?

துளைகள் அடைபட்ட பிறகு, ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு சொட்டு எண்ணெய்க்கு மேல் தேவையில்லை. மெல்லிய கையுறை அணிந்த உள்ளங்கையில் எண்ணெயை எடுத்து, கட்டையின் மேல் வட்டமாகத் தேய்த்து, உராய்வில் சூடு தெரியும் வரை தொடருங்கள். சூடு எண்ணெயை இளக்கி உள்ளே இறக்குகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து, பஞ்சு உதிராத பழைய பருத்தி வேட்டித் துணியால், கையில் ஒட்டாத அளவுக்கு முழுவதையும் துடையுங்கள். போட்டதையெல்லாம் துடைத்துவிட்டோமே என்ற மனக்குறை வந்தால், நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

முதல் வாரம் நாளுக்கு ஒரு முறை, பிறகு ஒரு மாதம் வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஓராண்டு மாதத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு ஒரு முறை என்பது ஆங்கிலேயப் பட்டறைகளில் வழங்கிவந்த பழைய கணக்கு. அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. எட்டிலிருந்து பத்து மெல்லிய பூச்சுகளில் பெரும்பாலான கட்டைகள் நிறைவாகிவிடும். முந்தைய பூச்சு காய்ந்ததா என்பதை நாட்கணக்கால் முடிவுசெய்யாதீர்கள். மறைவான ஓர் இடத்தில் நயமான தாளால் லேசாகத் தேயுங்கள். உலர்ந்த வெள்ளைத் தூள் வந்தால் காய்ந்துவிட்டது, தாளில் பிசினாக அப்பினால் இன்னும் இல்லை.

போட்டு ஒரு வாரமாகியும் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே?

பூச்சு தடித்துப்போயிற்று. இதை நான் அனுபவித்துத்தான் கற்றேன். முதன்முதலாக ஒரு பின்கட்டைக்கு எண்ணெய் போட்டபோது அது ஐப்பசி மாதம், அடைமழை. நாளைக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் தாராளமாகத் தடவி, துடைக்காமல் ஆணியில் மாட்டிவிட்டேன். மூன்றாம் நாள் அதன் மேல் பாயசத்தில் ஆடை கட்டியது போன்ற சுருக்கம். அதற்கு அடியில் ஈர எண்ணெய். அதில் ஒட்டிய இரண்டு ஈசல் இறகுகள். காரணம் எளிது: மேற்பரப்பு முதலில் ஆக்சிஜனைப் பிடித்து இறுகி மூடிக்கொள்கிறது, அடியில் இருக்கும் எண்ணெய்க்குக் காற்றே எட்டுவதில்லை. காத்திருந்து பயனில்லை. டர்பன்டைன் நனைத்த சொரசொரப்பான துணியால் முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டு, இரண்டு நாள் உலரவிட்டு, மெல்லியதாக மறுபடி தொடங்க வேண்டியதுதான். ஈரமும் குளிர்ச்சியும் மிகுந்த நாட்களில் காய்தல் தளரும் என்பதால், நம் பக்கத்தில் தை முதல் வைகாசி வரை இந்த வேலைக்கு நல்ல காலம். வெயிலில் நேரடியாக வைத்து அவசரப்படுத்த வேண்டாம், மரம் வெடிக்கும்.

பிடியில் வெட்டியிருக்கும் செக்கரிங் கோடுகளுக்கும் எண்ணெய் போட வேண்டுமா?

மற்ற வேலை நடக்கும்போது அவற்றை மாஸ்கிங் டேப்பால் மூடிவைத்துவிட்டு, கடைசியில் டர்பன்டைன் கலந்து நீர்த்த எண்ணெயைப் பழைய பல்துலக்கியால் ஒரு முறை, மிஞ்சினால் இரு முறை தேய்த்து, உலர்ந்த துலக்கியால் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். கெட்டி எண்ணெய் அந்தக் கோடுகளில் தேங்கினால் பிடிமானமே போய்விடும்.

என் கட்டை வால்நட் அல்ல; ஈட்டி மரம் அல்லது தேக்கு என்று தோன்றுகிறது.

ஈட்டியின் இயல்பான பிசினில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. அவை எண்ணெயைக் காயவிடாமல் வாரக்கணக்கில் இழுத்தடிக்கும். தேக்கிலும் இயற்கையான எண்ணெய்ப்பசை தொல்லை தரும். பூசுவதற்குச் சற்று முன்பு அசிட்டோனால் நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். அப்போதும் காயவில்லை என்றால், எண்ணெயை விட்டுவிட்டு அரக்கு பாலிஷுக்குப் போவது மேல்.

எண்ணெய் துடைத்த துணி தானாகவே தீப்பற்றும் என்கிறார்களே, மிகைப்படுத்தலா?

இல்லை. எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளியாகிறது. விரித்துப் போட்ட துணியில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். கசக்கிச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்ட துணியிலோ உள்ளேயே தேங்கி, வெப்பம் ஏற ஏற வினையும் வேகமெடுத்து, சில மணி நேரத்தில் தீக்குச்சி இல்லாமலே கொழுந்துவிடும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22ஆம் தளத்தில் பிடித்த தீ, மர வேலைக்குப் பயன்படுத்திய ஆளி எண்ணெய்த் துணிகளிலிருந்து தொடங்கியதுதான். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்; 30ஆம் தளத்தில் இருந்த தானியங்கி நீர்த்தெளிப்பான்களை எட்டிய பிறகே தீ அடங்கியது.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு துணியையும், பஞ்சையும், எண்ணெய் பட்ட தாளையும் நீர் நிறைந்த தகர டப்பாவில் அமுக்கி மூடுங்கள். அல்லது கொடியில் தனித்தனியாக விரித்து, அட்டை போல விறைக்கும் வரை வெளியில் காயவிடுங்கள். டர்பன்டைன் நெடி நிற்கும் வரை அந்த அறையில் அடுப்போ பூசை விளக்கோ வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில், வேலையைப் பாதியில் விட்டுச் சாப்பிடப் போகிறவருக்கும் விலக்கு இல்லை.

கண்ணுக்குத் தெரியாத பகுதிகளை அப்படியே விட்டுவிடலாமா?

ஈரம் முதலில் புகுவதே அங்கேதான். பின்கட்டையின் முனையிலுள்ள தோள்தகட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் குறுக்குவெட்டு முகத்தில் மரக்குழாய்கள் உறிஞ்சுகுழல் போலத் திறந்திருக்கும். இரும்பு உட்காரும் குடைவின் உட்புறமும் அப்படியே. அங்கே எண்ணெய் மட்டும் போதாது. அரக்கு பாலிஷ் அல்லது நீர்த்த வார்னிஷை இரண்டு மூன்று முறை மெல்லியதாகத் தடவி மூடிவிடுங்கள். குடைவுக்குள் அது திரண்டு தடித்தால் இரும்பு பழைய இடத்தில் உட்காராது என்பதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

கடைசி மெருகு எப்படி?

கடைசிப் பூச்சு போட்டு இரண்டு வாரமாவது ஆறவிடுங்கள். பிறகு நயமான நுரைக்கல் பொடியைச் சில சொட்டு எண்ணெயில் குழைத்து, கம்பளித் துண்டால் ரேகையோடு மென்மையாகத் தேய்த்தால், ஆங்காங்கே தெரியும் மினுக்கங்கள் அடங்கி ஒரே சீரான மங்கிய ஒளி வரும். அதைவிட நயமான ராட்டன்ஸ்டோன் தூள் கிடைத்தால் அதைக்கொண்டு மறுபடி தேய்க்கலாம். ஸ்டீல் உல் வேண்டாம் என்பேன்: அதன் நுண்துகள்கள் துளைகளில் சிக்கி, வால்நட்டிலுள்ள துவர்ப்புப் பொருளோடு ஈரம் சேரும்போது கரும்புள்ளிகளாகிவிடும். விரும்பினால் இறுதியில் தேன்மெழுகுப் பாலிஷை மெல்லியதாகப் போட்டுக்கொள்ளலாம். சிலிக்கான் கலந்த மரச்சாமான் ஸ்பிரேக்களை மட்டும் கட்டையின் பக்கமே கொண்டுவராதீர்கள். பிற்காலத்தில் எண்ணெய் போட வேண்டியிருக்கும்போது, தாமரை இலையில் விழுந்த நீர் போல அது ஒட்டாமல் திரண்டு நிற்கும்.

பிறகு பராமரிப்பு என்ன?

மழையில் நனைந்தால் துடைத்து, அறை வெப்பத்திலேயே உலரவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, மெழுகு இருந்தால் டர்பன்டைனால் அதை நீக்கிவிட்டு, பக்கத்துக்கு இரண்டு சொட்டு எண்ணெய் தேய்த்துத் துடைத்தால் போதும். ஆளி எண்ணெய் பூசணத்துக்குப் பிடித்த உணவு. துணி உறைக்குள் மூடி மாதக்கணக்கில் வைத்தால் சாம்பல் நிறப் படலம் படரும். காற்றோட்டமுள்ள, பூட்டக்கூடிய அலமாரியே நல்லது. இரும்புக்கு எண்ணெய் போட்ட பிறகு துப்பாக்கியைக் குழல் முனை கீழே இருக்கும்படி, ஒரு துண்டுக் கம்பளத்தின் மேல், ஓர் இரவு நிறுத்திவையுங்கள். மிச்ச எண்ணெய் பின்கட்டையின் தலைப்பகுதிக்குள் இறங்காமல் கம்பளத்தில் வடிந்துவிடும்.